கண் கூறும் சாட்சியம்

"என் கண்ணாலேயே கண்டேன், இதற்குமேல் சான்று எதற்கு?" என்று முழங்குவோர் உளர். ஏட்டைக் காட்டி நம்மை அடக்க முயல்வோரிடம், "கண்ணுக்குக் காட்டு" என்று கேட்பது பகுத்தறிவின் முதற்படிதான். ஆனால், தோழர்களே, கண் எத்தகைய சாட்சி? அதனையும் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாமா?

இரவு வானைப் பாருங்கள். முகிற்கூட்டம் நகர்கிறது, நாமோ நிலவு ஓடுவதாகக் காண்கிறோம். அசைவது பின்னணி, ஓடியதாகப் பெயர் பெறுவது நிலவு!

1959ஆம் ஆண்டில் ஹியூபெல், வீசல் எனும் ஆய்வாளர் இருவர் பூனையின் மூளையை ஆராய்ந்தனர். அங்கே நரம்பணு ஒவ்வொன்றும் காட்சியின் சிறு பகுதியையே தன் எல்லையாகக் கொண்டிருந்தது. ஒளிக்கோடு ஒரு திசையில் நகர்ந்தால் துடித்து, எதிர்த்திசையில் நகர்ந்தால் அடங்கும் அணுக்களும் அவற்றிடையே இருந்தன. 1985இல் ஆல்மனும் அவர்தம் துணை ஆய்வாளர்களும் ஆந்தைக் குரங்கினை ஆராய்ந்து, மேலும் ஒரு விந்தையைக் கண்டனர். அணுவின் எல்லைக்குள் புள்ளிகள் அதற்கு உகந்த திசையில் நகர்கின்றன; அணு துடிக்கிறது. எல்லைக்கு வெளியே உள்ள பின்னணியும் அதே திசையில் நகரட்டும். பல அணுக்களின் துடிப்பு ஒடுங்கிவிடுகிறது! பின்னணி எதிர்த்திசையில் நகர்ந்தாலோ, சில அணுக்களின் துடிப்பு ஓங்குகிறது. முயலின் விழித்திரையிலேயே இத்தகைய அணுக்கள் உண்டென்பது 2003இல் வெளியாயிற்று.

இது குறையா? இல்லை. விழி ஓயாது அசைகிறது. அவ்வசைவால் காட்சி முழுவதும் நகர்கிறது. அதனை ஒதுக்கி, தனித்து நகரும் பொருளைப் பிரித்தறிய இவ்வேற்பாடு உதவுகிறது. வேறுபட்டதை உரக்கச் சொல்லும் சாட்சி, ஒத்துச் செல்வதைக் கண்டு வாய் மூடிக்கொள்கிறது.

நரம்பணுவைக் கொண்டு அறநூல் எழுதிவிட இயலாது. இனி நான் கூறுவது உவமையே, நிறுவல் அன்று. அடிமை வாணிகம் ஊரறிய நடந்த நாளில், கண் படைத்தோர் அனைவரும் அதனைக் கண்டனர். கொடுமையெனக் கண்டோர் எத்தனை பேர்? எல்லோரும் ஒரே திசையில் சென்றதால் எவர் மனமும் துடிக்கவில்லை. எதிர்த்து நடந்த ஒருவன் மட்டும் கண்ணில் உறுத்தினான். அவனையே நெறி தவறியவன் என்றனர்!

ஆகவே, "கண்டாயா?" என்று பிறரை வினவும் பகுத்தறிவாளன், தன்னையும் வினவட்டும்: "எந்தப் பின்னணியில் கண்டேன்? நான் நிற்கிறேனா, கூட்டத்தோடு நகர்கிறேனா?" பிறர் ஓட்டத்தை அளப்பது எளிது. தன் ஓட்டத்தை அளக்கத் துணிவதே அறிவின் கடமை!