"நல்லா பாத்துக்கிட்டாங்க சார்"

என் தங்கச்சிக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரம். வாசலில் தரச்சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே, வலி பொறுக்காமல் கத்தினவளைப் பார்த்து ஒரு அம்மா சொன்னாள்: "காலனிக்காரிங்களே இப்படித்தான், பெக்கறதுக்கு மட்டும் தெரியும்." மறுநாள் கையில் தாளோடு ஒருவர் வந்து, கவனிப்பு எப்படி என்று கேட்டார். "நல்லா பாத்துக்கிட்டாங்க சார்" என்றாள் தங்கச்சி.

அவள் சொன்னது பொய்யா?

சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2017 டிசம்பரில் மத்திய அரசு 'லக்ஷ்யா' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைகளைத் தணிக்கை செய்து 70 சதவீதம் எடுத்தால் சான்று, 90 தாண்டினால் பிளாட்டினம். ஊக்கத்தொகை வேண்டுமென்றால் வந்துபோன தாய்மாரில் 80 சதவீதம் பேர் திருப்தி என்று சொல்லியிருக்கவும் வேண்டும். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலும் தேசிய தரச்சான்று முழுதாகப் பெற்ற ஆஸ்பத்திரிக்கு 15 சதவீதம் கூடுதல் தொகை. ஆக, சான்று என்பது காசு. நம்ம பொம்பளையின் திருப்தியும் அதில் ஒரு பகுதி.

சான்றே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். எங்க ஆயா சேரியில் பிரசவம் பார்த்தவள். யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ரத்தம் நிக்காத ஒருத்தியை ஊத்தங்கரைக்கு வண்டி கட்டிக் கொண்டுபோகையில் வழியிலேயே உயிர் போயிற்று. சாகும்வரை ஆயா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தப்போக்கை நிறுத்துகிற ஊசி இருக்கிறதா, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று சான்று கேட்கிறதே, அந்தக் கேள்விகள் அன்றைக்கு இல்லை. மருத்துவச்சிக் காலம் பொற்காலம் என்று எழுதுகிற தோழர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

தாயை மரியாதையாக நடத்தணும், மறைப்பு இருக்கணும், துணைக்கு ஆள் இருக்கணும் என்றும் இந்த விதிகள் சொல்கின்றன. திரைச்சீலையை எண்ணிவிடலாம். குரலை எப்படி எண்ணுவது? அதற்குச் சாட்சி அவள் வாய் ஒன்றுதான்.

நெடுங்காலம் இல்லாமையிலே கிடந்தவர்களின் ஆசையும் சுருங்கிப்போகும், அதனால் அவர்கள் சொல்லும் திருப்தியை அப்படியே அளவுகோலாக எடுக்கக்கூடாது என்கிறார் அமர்த்தியா சென். சரிதான். ஆனால் என் தங்கச்சியின் ஆசை ஒன்றும் சுருங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்த்தாள். "குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மறுபடி அந்தம்மா கையிலதான் போய்ப் படுக்கணும்க்கா. அங்க என்னத்தச் சொல்ல?" இது கணக்கு. தலைமுறை தலைமுறையாக நாம் போட்டு வருகிற கணக்கு. எம்.ஏ. படித்த நானும் அன்றைக்குக் கட்டிலோரம் வாய் மூடித்தான் நின்றேன்.

அதனால் அந்தத் தாள் கட்டிலுக்கு வரக்கூடாது. நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வரட்டும், ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண் கையில். திருப்தியா என்று கேட்க வேண்டாம். உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்கட்டும்.

அப்படி யாராவது வந்தால் சொல்வாயா என்று தங்கச்சியைக் கேட்டேன். பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வர்றது யாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.