திசையும் வழியும்

நல்லெண்ணம் ஒன்றே போதுமா என்பது அறநெறியாளர் பழங்காலந்தொட்டு எழுப்பிவரும் வினா. விமானிகளின் தொழிலில் இவ்வினா தெளிவானதோர் உருவம் பெறுவதை நாம் காண்கிறோம்.

விமானத்தின் மூக்கு நோக்கும் திசை வேறு. தரைக்கு மேலே அது உண்மையில் கடந்து செல்லும் வழி வேறு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வடக்கு நோக்கிப் பறக்கும் சிறு விமானத்தின்மீது மேற்கிலிருந்து 35 கி.மீ. வேகத்தில் காற்று வீசுமாயின், அதன் வழி ஏறத்தாழ 10 பாகை கிழக்கே ஒதுங்கிவிடும். திசைகாட்டியோ வடக்கையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவருக்கு அந்த ஒதுக்கம் உடலில் உறைப்பதில்லை. விமானமும் காற்றோடு காற்றாகவே நகர்கிறதல்லவா? கீழே தெரியும் ஆற்றையோ இருப்புப்பாதையையோ வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புலப்படும். அதன்பின் விமானி மூக்கைக் காற்று வரும் பக்கமாகச் சற்றே திருப்பிப் பறக்கிறார். அறியாதார் கண்ணுக்கு அவர் வேறெங்கோ போவதாகவே தோன்றும்.

1 பாகை பிசகினால் 60 கி.மீ. தொலைவில் 1 கி.மீ. விலகல் என்பது விமானிகள் கைவசம் வைத்திருக்கும் மனக்கணக்கு. 1983 செப்டம்பர் 1 அன்று இக்கணக்கு எத்துணைக் கொடியது என்பது வெளிப்பட்டது. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் புறப்பட்ட கொரிய விமானம், வழிகணிக்கும் கருவியின் ஆணைப்படி திரும்பாமல், காந்தத் திசையொன்றை மாறாமல் பற்றிக்கொண்டு பறந்தது. திட்டமிட்ட வழி வளைந்து சென்றது, விமானமோ வளையவில்லை. ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக எவரும் அதைக் கவனிக்கவில்லை. 500 கி.மீ.க்கும் அதிகமாக விலகி, சோவியத் வான்வெளியில் புகுந்த அவ்விமானம் சகாலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. இருந்த 269 பேரும் மாண்டனர். பயணிகள் விமானத்தைச் சுட்டவர்களின் பழியை இவ்விலகல் எள்ளளவும் குறைக்காது. அதைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

அவ்விமானிகள் தீயவர் அல்லர். திசையை மாற்றியவரும் அல்லர். மாற்றாமல் இருந்ததே கேடாயிற்று. அறநெறி இறையியல் அறியாமையை இருவகையாகப் பிரிக்கும்: முயன்றால் வெல்லத்தக்கது, முயன்றும் வெல்ல இயலாதது. இரண்டாவது குற்றமாகாது. முதலாவது அப்படியன்று. விலகலை உணர்த்தக்கூடிய கருவிகள் அந்த அறையிலேயே இருந்தன என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது. ‘நான் அன்று எடுத்த முடிவிலிருந்து இம்மியும் மாறவில்லை’ என்று பெருமை பேசுவோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால், இப்போது எங்கே நிற்கிறார்கள் என்ற வினாவுக்கு அது விடையாகாது.

மற்றொரு விமானியையும் நினைவுகூர வேண்டும். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1931இல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்தவர். இடையில் இறங்க வேண்டியவை கடல்நடுவே புள்ளிகள்போன்ற நார்போக், லார்டு ஹவ் தீவுகள். தீவை நேராகக் குறிவைத்துச் சென்று அது தென்படாவிடில், இடப்புறம் திரும்புவதா, வலப்புறம் திரும்புவதா என்பது தெரியாது. ஆகவே அவர் வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிப் பறந்தார். கதிரவனை அளந்து, குறித்த கோட்டை அடைந்ததும் தீவிருக்கும் பக்கம் திரும்பினார். எப்பக்கம் பிசகியிருக்கிறோம் என்பதில் அவருக்கு ஐயமே எழ இடமில்லை.

வளைந்த மரத்தை நிமிர்த்துவோர் அதை எதிர்ப்பக்கம் வளைப்பதுபோல, நம் இயல்பு எப்பக்கம் சாய்கிறதோ அதற்கு மறுபக்கம் நம்மை இழுக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. இது எல்லார்க்கும் பொதுவான அளவன்று. கஞ்சனுக்கு ஊதாரித்தனம்போல் தோன்றும் அளவே அவனைப் பொறுத்தவரை நடுவழியாக இருக்கலாம். ஊதாரிக்கோ கஞ்சத்தனம்போல் தோன்றுவது. நம்மீது எப்பக்கக் காற்று வீசுகிறது என்பதை நம்மைவிட நம் வீட்டார் நன்கறிவர். நாம்தாம் அவர்களைக் கேட்பதில்லை.