அறிந்தவரின் மௌனம்

விற்பவர் தம் சரக்கின் குறையை மறைத்தால் அது மோசடி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வாங்குபவர் அச்சரக்கின் உயர்வை மறைத்தால் அதற்கு என்ன பெயர்? அதனை உலகம் சாமர்த்தியம் என்கிறது. நாம் இதனைச் சற்று நிதானித்து ஆராய விரும்புகிறோம். அதற்குப் பழைய புல்லாங்குழல் வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். நம் மூங்கிற் குழலையன்று. ஐரோப்பியர் வாசிக்கும் உலோகக் குழலை. அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள தூரம் அத்துறையில் மிக நீண்டது. (குழலிசை பற்றி உலமாப் பெருமக்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு இங்கே நம் பேச்சன்று.)

மூனிச் நகரத்துத் தியோபால்ட் போம் 1847-இல் உருளை வடிவக் குழலை உலோகத்தில் அமைத்தார். அவ்வமைப்பைப் பிரான்சில் செய்யும் உரிமை பெற்றவர்களுள் லூயி லோ என்பவர் ஒருவர். அவர் 1855-இல் பாரிஸில் தனிப் பட்டறை தொடங்கி, 1876-இல் அதனைப் பிறரிடம் ஒப்படைத்து விலகினார். பட்டறையோ அதே பெயரில் 1951 வரை நடந்தது. குழலின்மேல் பொறிக்கும் பெயரும் மாறவில்லை. ஆதலின் பெயரைக் கண்டு காலத்தைச் சொல்ல இயலாது. வரிசை எண்ணைக் காண வேண்டும். ஏறத்தாழ 2,150 வரையிலான எண்களே அவர் காலத்தவை.

வெண்மை கண்டு வெள்ளி என்று எண்ணுவதும் கூடாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த, வெள்ளி அறவே இல்லாத உலோகத்திலும் அப்பட்டறை குழல் செய்து மேலே வெள்ளி முலாம் பூசியதுண்டு. பிரான்சில் 1838 முதல் வெள்ளிக்கு இட்டு வந்த, மினர்வாவின் தலை பொறித்த முத்திரையைத் தேடிப் பார்த்தே அறிந்தவர் பேசுவார்.

சுருதிதான் இவற்றுள் நுட்பமானது. பிரெஞ்சு அரசு 1859-இல் ஆதார ஸ்வரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வு என விதித்தது; 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு அதனை 440 ஆக்கியது. எனவே பழைய குழல் இன்றைய வாத்தியங்களோடு சேரும்போது சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். இதைச் சரிசெய்வதாக எண்ணிப் பழுதுபார்ப்போர் சிலர் குழாயைச் சிறிது வெட்டிக் குறுக்கினர். மொத்தச் சுருதி ஏறியது உண்மையே. ஆனால் ஒவ்வொரு துளையும் முழு நீளத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு இட்டது. வெட்டிய அளவு ஒன்றாயினும், ஊதுதுளைக்கு அருகிலுள்ள துளைகளின் ஸ்வரம் அதிகமாகவும் தொலைவிலுள்ளவற்றின் ஸ்வரம் குறைவாகவும் ஏறும். ஸ்வரங்களுக்குள் இருந்த இணக்கம் கெட்டுவிடும். வெட்டிய தடத்தை மெருகு மறைத்துவிடும். ஊதுதுளையின் விளிம்பைச் சீவி மாற்றிய குழலும் அத்தகையதே. அறியாதவர் கவலைப்படுவதோ, துளைகளை மூடும் சிறு மெத்தைகள் நைந்து போனதற்காக! அவற்றை எந்நாளும் மாற்றிக்கொள்ளலாம்.

இனி வினாவுக்கு வருவோம். கணவரை இழந்த ஒரு மூதாட்டி, அவர் பெட்டியில் கிடந்த குழலை ஒருவரிடம் காட்டி, "இதற்கு என்ன கொடுப்பீர்கள்?" என்கிறார். வந்தவர் எண்ணைப் பார்க்கிறார், முத்திரையைப் பார்க்கிறார், வெட்டாத குழாய் என்பதையும் உணர்கிறார். ஒரு சொல்லும் பொய் சொல்லாமல் அற்ப விலை கூறி வாங்கிச் செல்கிறார்.

பொய் இல்லையே, குற்றம் எங்கே என்பாருளர். நம் பிக்ஹு நூல்களில் "தலக்கிர் ருக்பான்" என்றொரு பிரிவு உண்டு. சரக்குக் கொண்டுவரும் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை அடைந்து நிலவரம் அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்தபின் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை விற்றவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். வழியில் எதிர்கொண்டவர் பொய்யே சொல்லாதவராகவும் இருக்கலாம். விற்பவரின் அறியாமையை முதலாக்கிக்கொண்டதே அங்கே தடுக்கப்பட்டது.

அறிவைப் பெற இருபது ஆண்டு உழைத்தேன், அதன் பலன் எனக்கு வேண்டாமா என்று அவர் கேட்கலாம். வேண்டும். மதிப்பிட்டுச் சொல்லிக் கூலி பெறட்டும். அது ஹலாலான ஊதியம். விலை உயர்வதும் தவறன்று. 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகப் பாஸ்டனில் பவல் செய்த பிளாட்டினக் குழல் 1986-இல் ஏலத்தில் 1,87,000 டாலருக்குப் போயிற்று. கூடியிருந்தோர் யாவரும் பொருளை அறிந்தே விலை கூறினர். அதில் எவர்க்கும் அநீதி இல்லை. பழம்பொருட் கடைக்காரர் தாமே விலை எழுதி வைத்த பொருளை வாங்குவதும் வேறு. விசாரித்தறிவது அவர் தொழில். மூதாட்டியோ அவரை நம்பிக் கேட்டார். மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருந்து, முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் காட்டியதையே நாம் ஏற்கவில்லை. "அம்மா, இது நீங்கள் எண்ணுவதைவிட மேலானது, நான் வாங்க விரும்புகிறவன், வேறொருவரிடமும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு விலை பேசியிருந்தால் நமக்கு வழக்கே இல்லை.

எதிர்மாறானதும் நிகழ்வதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் "மேயர் முறைப்படி" என்று பொறித்த மரக் குழல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. பாட்டனார் வைத்துப்போன புதையல் என்று பேரன் அதனைக் கொண்டுவருவான். பழமை உண்டு, விலை இல்லை. அவன் முகம் வாடுமே என்று அவனிடம் மழுப்புபவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். வாடட்டும். அவன் கேட்டு வந்தது விலையை. அதை உள்ளபடி சொல்லி அனுப்புவதே முறை.