பழையது யாருக்கு?

எங்கள் வீட்டுக் கணினி தினமும் 2012 ஜனவரி 1ஆம் தேதிதான் கண்விழிக்கும். நான் தேதியைத் திருத்துவேன். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் மறுபடியும் 2012. தேதி தப்பாக இருந்தால் வங்கியின் பக்கம் திறக்காது, மின்னஞ்சலும் திறக்காது. "அதோட காலம் முடிஞ்சுது, எடைக்குப் போட்டுடு" என்றார் கணவர். மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது, மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை அதுதான் ஓட்டுகிறது, அது தீர்ந்துபோனால் தேதி நிற்காது, அதன் விலை நாற்பது ரூபாய் என்பதெல்லாம் அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்தக் கணினி என்னிடம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 2012இல் கணவரின் வேலைக்காக வாங்கியது. அவருக்கு அலுவலகத்தில் மடிக்கணினி கொடுத்ததும் மகனின் மேசைக்குப் போனது. மகன் பொறியியல் சேர்ந்தபோது அவனுக்கு ஐம்பத்திரண்டாயிரம் ரூபாயில் புதிது வாங்கினோம். "இனிமே இது உனக்குத்தான்" என்று பழையது என் பக்கம் வந்தது. நான் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். பிளஸ் டூ படிக்கும் மகளும் அதில்தான் படிக்கிறாள். என் அம்மா காலையில் எல்லோருக்கும் இட்லி வைத்துவிட்டு, தான் பழையதைக் கரைத்துக் குடிப்பார். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பார். பிடித்ததா, பழகிப்போனதா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். 2012ஆம் வருடத்துக் கணினி அந்தப் பட்டியலில் வராது. ஆனால் அதே இயந்திரத்தில் லினக்ஸ் ஓடும் என்று படித்தேன். முதலில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். மூடியைக்கூடத் திறக்காமல், "வீட்ல சாரை வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார் கடைக்காரர். வீட்டுக்குத் திரும்பி வந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

மின்வயரைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் இரண்டு திருகுகளைக் கழற்றினால் பக்கத் தகடு வந்துவிடுகிறது. அவ்வளவுதான் அந்தக் கோட்டை. உள்ளே பதினான்கு வருடத் தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். ரேமின் தங்கநிறப் பற்களை மகளின் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். பிராசசருக்கும் அதன் விசிறிக்கும் நடுவே இருந்த பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிப் புதிது தடவினேன். ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு, அதன் மேல் நகரும் ஒரு ஊசிக்கை. தேவையான பக்கத்தைத் தேடி அந்தக் கை அலைவதால்தான் அத்தனை தாமதம். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. அதை மாட்டினேன். டிடிஆர்4 ரேம் இந்தப் போர்டில் பொருந்தாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். அதனால் பழைய டிடிஆர்3 ஒன்றைத் தேடி வாங்கினேன். எஸ்எஸ்டி 1,700, ரேம் 600, பேஸ்ட் 120, பேட்டரி 40. ஆக 2,460 ரூபாய். லினக்ஸ் மின்ட் இலவசம். திறக்க நான்கு நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்தில் திறந்தது. தேதி சரியாக இருந்தது.

அன்றிரவு மகள் கேட்டாள்: "அம்மா, நீ இதைச் சரி பண்ணிட்டேல்ல, இனிமே எனக்குப் புதுசு வாங்கித் தர மாட்டாங்கல்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். பழையதைச் சரிசெய்துகொள்ளும் பெண் விடுதலை அடைகிறாளா, தனக்குக் குறைவாகக் கிடைப்பதை ஏற்றுக்கொள்கிறாளா?

நம் வீடுகளில் பெண்ணுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அனுசரித்துப் போவது. கணினி திறக்க எடுக்கும் நான்கு நிமிடத்தில் நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன், துணியை மடிப்பேன். அப்படிச் செய்தவரை அந்தத் தாமதம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. அனுசரிப்பு பழுதைப் போர்த்தி வைக்கிறது. பழுதுபார்ப்பவளோ முதலில் பழுது இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும், எங்கே என்று தேட வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும். இதுவரை நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இது.

மகளின் கேள்வி இந்தச் சமாதானத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பியது. என் திறமையால் ஓடத் தொடங்கிய கணினியைக் காட்டி, "நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லிவிடலாம். சிக்கனமான பெண்ணுக்குக் கிடைக்கும் பாராட்டு, அடுத்த முறையும் அவளுக்குக் குறைவாகக் கொடுப்பதற்கான முன்பணம். அவளுடைய அறிவு, அவள் பங்கைக் குறைக்கும் கருவியாகிவிடுகிறது.

கணினியின் வரலாற்றிலேயே இது நடந்திருக்கிறது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள். சொல்லித்தர ஆளில்லாமல், வரைபடங்களைப் பார்த்தே அந்த இயந்திரத்தைக் கற்றார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்தக் கணினியில் கோளாறு எங்கே என்று தேடிப் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரியும். அறிமுக விழாவுக்குப் பிறகு நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவர்கள் பெயர்கள் வெளியே பேசப்பட்டன. திறமை இருந்தது, பங்கு இல்லை. திறமை வந்தால் பங்கு தானாக வந்துவிடும் என்று நம் பெண்களிடம் சொல்வது அரை உண்மைதான்.

அப்படியானால் சரிசெய்யாமல் தூக்கிப்போட்டிருக்க வேண்டுமா? அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஐ.நா. அறிக்கையின்படி 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. அதில் கால்பங்குகூட முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆனதற்குக் கணக்கில்லை. மீதியில் ஒரு பகுதி எங்கோ ஏழைகளின் கைகளில் உடைபட்டு, எரிந்து, அவர்கள் மூச்சில் கலக்கிறது. நாற்பது ரூபாய் பேட்டரிக்காக ஒரு கணினியை அங்கே அனுப்புவது தவறு. ஆனால் பழையதைப் பேணுவது அறம் என்றால் அது வீடு முழுவதற்குமான அறம். புதிது வாங்கும் உரிமை ஆண்களின் மேசையிலும், பூமியைக் காக்கும் கடமை பெண்களின் மேசையிலும் இருக்க முடியாது.

இதில் எனக்கு ஒரு அளவுகோல் நினைவுக்கு வருகிறது. 2011இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவிகளின் கையில் புத்தம் புதிய கணினி வந்தது. அண்ணன் வைத்திருந்து தந்ததில்லை, அப்பா போதும் என்று ஒதுக்கியதில்லை. அவள் பெயரில் வந்தது. எத்தனை வீடுகளில் அது அவள் கையிலேயே தங்கியது என்பது வேறு கேள்வி. ஆனால் கொடுத்தவர்கள் முதல் கைப் பொருளாகக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஒரு தாளில் இரண்டு தொகைகளை எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மகனுக்கு 52,000. எங்கள் இருவருக்கும் 2,460. மகள் கட்டடக்கலை படிக்க விரும்புகிறாள். அதற்கான வரைகலை மென்பொருளை இந்தக் கணினி தாங்காது. நான் எத்தனை ரேம் போட்டாலும் பிராசசருக்கு ஒரு எல்லை இருக்கிறது. பழுதுபார்க்கத் தெரிந்ததால்தான் அந்த எல்லை எங்கே என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. "இது என் வேலைக்குப் போதும், அவ படிப்புக்குப் போதாது" என்றேன். கணவர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஜூன்ல பார்ப்போம்" என்றார். மகனுக்கு வாங்கும்போது அவர் 'பார்ப்போம்' என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அதையும் சொன்னேன்.

தாள் இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. ஜூனுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை மகள், "அந்த மூடியை ஒரு தடவை நான் திறந்து பார்க்கவா?" என்றாள். ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தேன்.