இசைத்தட்டும் இல்லறத்தாரின் பற்றும்

பஞ்சசீலம் ஏற்று வாழும் இல்லறத்தார் ஒருவர் தம் வீட்டில் இசைத்தட்டுகளைத் திரட்டி வைத்து, மாலை வேளைகளில் அவற்றைத் துடைப்பதும் அடுக்குவதும் கேட்டு மகிழ்வதுமாகப் பொழுது கழிப்பது தருமத்திற்கு இசைந்ததா, இசையாததா? இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் பெங்களூரில் வாழும் உபாசகர் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முந்நூறுக்குக் குறையாத தட்டுகள் உள. தந்தையார் வைத்துச் சென்றவை பாதி; பழைய சாமான் கடைகளில் தாமே தேடி வாங்கியவை பாதி. அன்பர் ஒருவர், "இது திருஷ்ணை, அனைத்தையும் எறிந்துவிடும்" என்றாராம். மற்றொருவர், "பாட்டுக் கேட்பதில் என்ன பாவம்? நிம்மதியாகக் கேளும்" என்றாராம். இரண்டும் சொல்வதற்கு எளிய விடைகள். முந்நூறு தட்டுகளின் முன் அமர்ந்திருப்பவருக்கு இவ்விரண்டும் உதவா.

முதற்கண் சீலத்தைப் பார்ப்போம். இல்லறத்தார் நாள்தோறும் காக்கும் ஐந்து சீலங்களில் இசைக்குத் தடை இல்லை. உபோசத நாளில் ஏற்கும் எட்டுச் சீலங்களில்தான் ஆடல், பாடல், வாத்தியம் ஆகியவற்றினின்று விலகுதல் கூறப்பட்டுள்ளது. ஆகவே அந்நாளில் பெட்டியை மூடி வைக்க வேண்டுவது முறை. ஏனைய நாட்களில் கேட்பது குற்றமாகாது. தீக நிகாயத்தில், இந்தசாலக் குகையில் பகவான் வீற்றிருந்தபோது, பஞ்சசிகன் என்னும் கந்தர்வன் வீணை மீட்டிப் பாடிய வரலாறு உண்டு. அவன் பாடியது முழுதும் துதிப்பாட்டு அன்று. தான் விரும்பிய மங்கையை நினைந்து பாடிய காதற்பாட்டில் பகவானின் புகழும் கலந்திருந்தது. பகவான் சினந்தாரில்லை. நரம்பின் ஒலியும் குரலின் ஒலியும் ஒன்றையொன்று மீறாமல் இயைந்தமையைப் பாராட்டி, இதனை எப்போது இயற்றினாய் என்றும் வினவினார். சினிமாப் பாட்டுத் தட்டுகளை மறைத்து வைத்துக்கொண்டு நம்மிடம் பக்திப் பாடல் தட்டுகளை மட்டும் காட்டும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க.

எனினும் பகவான் எச்சரிக்கையும் செய்துள்ளார். தரும உரையை நீட்டி முழக்கிப் பாட்டாக ஓதும் பிக்கு தன் குரலில் தானே மயங்குவான் என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. ஓசை பகையன்று, ஓசையில் நாம் ஒட்டிக்கொள்ளும் இடமே ஆராய வேண்டிய இடம்.

இசைத்தட்டைப் பற்றிப் பேசும்போது ஓர் இரவை நாம் மறத்தல் இயலாது. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, டில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், பாபாசாகேப் அம்பேத்கர் முச்சரணப் பாடலைத் தமக்குள் மெல்ல இசைத்தவாறு விரல்களால் தாளமிட்டார். அப்பாடலின் தட்டை ரேடியோகிராமில் வைக்கச் சொல்லித் தாமும் உடன் பாடினார் என்று உடனிருந்த நானக் சந்த் ரத்து வழியே அறிகிறோம். அன்றிரவு உறக்கத்திலேயே அவர் மறைந்தார். நாக்பூரில் தீக்கை ஏற்று எட்டு வாரமும் நிறையாத காலம் அது. பிற்காலத்தில் வயலின் கற்க முயன்றவர் அவர். அத்தகையோரின் வழிவந்தோர் இசைத்தட்டைத் தீண்டத்தகாத பொருளாகக் கருதுவது விந்தையே.

நம் மக்களுக்கு இத்தட்டு செய்த நன்மையும் சிறிதன்று. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். அப்பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டுகளாகத் திரும்பின. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே பாடும் அத்தட்டுகள் நாடெங்கும் பரவின. வட ஆர்க்காட்டினின்று பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் கோலார் தங்கவயலுக்கும் வந்த நம் முன்னோர், தம் ஊரில் நாகசுரத்தை எங்கே நின்று கேட்டனர்? கோயில் மதிலுக்கு வெளியே, காற்று எத்திசை வீசியதோ அத்திசையில் நின்று கேட்டனர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்தை அனைவர்க்கும் உரிமையாக்கிய சட்டம் வந்தது 1947-இல்தான். சபாக்களின் கதவு சட்டத்தால் மூடப்பட்டதன்று. ஆயினும் நம்மவர் அதனுள் நுழைந்து அமர்ந்தது அரிது. இந்நிலையில், கடைத்தெருவில் கிராமபோன் குழாயின் முன் நின்றவனுக்குத் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி முழுமையாகக் கேட்டது. நீ எந்தத் தெரு என்று அக்குழாய் வினவவில்லை. பாதி மதிலில் மோதித் திரும்பிய ஒலியைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது எத்தகைய பேறு என்பதை இன்றைய இளைஞர் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனவே நம் உபாசகரின் தந்தையார் கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய தட்டுகளை, செல்வரின் விளையாட்டு என்று ஒதுக்க நமக்கு மனம் இடந்தராது.

இனி, பற்று எங்கே புகுகிறது என்பதைக் காண்போம். அது கேட்கும்போது புகுவதைவிட அடுக்கும்போதே மிகுதியாகப் புகுகிறது என்பது நம் கருத்து. சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை உண்டு. முன்பு வீணையொலியைக் கேட்டறியாத அரசன் ஒருவன் அதனைக் கேட்டு மயங்கி, அவ்வொலியைக் கொண்டு வருக என்றான். வீணையைக் கொண்டு வந்தனர். எனக்கு வேண்டுவது இக்கட்டை அன்று, ஒலியே என்றான். குடம், தண்டு, நரம்பு, மீட்டுவோன் முயற்சி இவையெல்லாம் கூடியபோதே ஒலி பிறக்கும் என்று கூறியும் கேளாது, வீணையைத் துண்டு துண்டாகப் பிளந்து தேடிப் பார்த்தான், ஒலி கிட்டவில்லை. தட்டுச் சேர்ப்போரில் ஒரு சாரார் இவ்வரசனின் உறவினர். தட்டின் நடுவே ஒட்டிய லேபிளின் நிறம் என்ன, ஓரத்தில் பொறித்த எண் யாது, முதல் அச்சா, மறு அச்சா என்று ஆராய்வர். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் விழிப்பர். உறை பிரியாத தட்டுக்கு விலை மிகுதி என்பதற்காக வாழ்நாள் முழுதும் பிரிக்காமலே வைத்திருப்போரும் உளர். அவர்களிடம் இருப்பது ஒரு வட்டமான பிளாஸ்டிக்கே; இசை இன்னும் அவர்கள் வீட்டிற்கு வரவில்லை.

இங்கே மற்றொரு சிக்கலும் எழுகிறது. கேட்கக் கேட்கத் தட்டு தேய்கிறது. கைச்சாவி கொடுத்துச் சுழற்றும் பழைய கிராமபோனில் இரும்பு முள் வைப்பர். ஒவ்வொரு பக்கத்திற்கும் புது முள் மாற்ற வேண்டும். மாற்றினாலும் முள் வரிப்பள்ளத்தைச் சிறிது அரித்தே செல்லும். 1948-இல் வெளிவந்த, நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்குமாகச் சுற்றும் வினைல் தட்டு இதனினும் மெத்தென ஒலிப்பது. அதன் முள்ளும் இலேசானது. ஆயினும் தேய்வு இல்லாததன்று. கேட்டால் குறையும், காத்தால் கேட்க முடியாது. அநித்தியத்தை இத்துணை நேராகக் கையில் கொடுக்கும் வேறு பொருள் இல்லத்தில் அரிது. நம் தீர்ப்பு கேட்பதன் பக்கமே. வேறெங்கும் கிடைக்காத அரிய தட்டாயின், நல்ல கருவியில் ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிந்துகொண்டு, பின்னர் அப்பிரதியைப் பலரும் கேட்கச் செய்யலாம். எஞ்சியவற்றை ஓட்டுக.

கைப்பேசியில் நினைத்த பாட்டு நினைத்த நொடியில் வரும் இந்நாளில் தட்டு எதற்கு என்பாரும் உளர். நாம் ஆலையில் நெசவுக்கூடத்தில் உழைத்தவர். தறிகளின் இரைச்சலில் பல ஆண்டுகள் நின்ற செவிக்கு, ஓயாமல் வழியும் பாட்டும் ஒருவகை இரைச்சலே. தட்டோ இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முள் உள்வட்டத்தை அடைந்து 'கிர், கிர்' என்று சுற்றும். எழுந்து சென்று திருப்ப வேண்டும். அல்லது நிறுத்த வேண்டும். இன்னும் வேண்டுமா என்று தட்டு நம்மைக் கேட்கிறது. கைப்பேசி அவ்வாறு கேட்பதில்லை.

ஆக, தட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலையை ஒரு பயிற்சியாகவே கொள்ளலாம். பெங்களூர் மழைக்காலத்தில் உறைக்குள் பூஞ்சணம் படியும். ஆண்டுக்கொரு முறை வெளியில் எடுத்தே தீர வேண்டும். அரக்குத் தட்டு வேறு, வினைல் தட்டு வேறு என்று முதலிற் பிரிக்க வேண்டும். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தல் கூடாது. அரக்கு அதில் கரையும். வினைல் தட்டு வெயிலில் வளையும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல், சாயாதவாறு நிமிர்த்தி வைக்க வேண்டும். வினைல் தட்டுக்குரிய மெல்லிய முள்ளால் அரக்குத் தட்டை ஓட்டலாகாது. அதன் பள்ளம் அகலமானது. இவ்வேலையின் நடுவே ஒவ்வொரு தட்டையும் கையிலெடுத்து, இதனைக் கடைசியாக எப்போது கேட்டோம், இது போனால் எது போகும் என்று நம்மையே கேட்டுப் பார்க்கலாம். சிலவற்றிற்கு விடை உடனே வரும். ஒரே பாட்டின் இரண்டாம் பிரதி போனால், இரண்டு வைத்திருக்கிறோம் என்ற பெருமையைத் தவிர வேறெதுவும் போகாது.

தட்டுச் சேர்ப்போர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "தொடாதே." விரலின் எண்ணெய் பள்ளத்திற்குத் தீங்கு என்பது மெய்யே. ஆயினும் நம் வீட்டில், நம் குழந்தையை நோக்கி, அச்சொல்லைப் பிறப்பிக்க நாம் ஆயிரம் முறை தயங்க வேண்டும். நம் பாட்டன்மார் கிணற்றடியில் கேட்ட சொல் அது. ஓரத்தை இரு உள்ளங்கைகளால் பற்றி எடுப்பது எப்படி என்று குழந்தைக்குக் காட்டிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். இரண்டு தட்டு கீறலாகும், ஆகட்டும்.

எறிந்துவிடுக என்ற அன்பரின் விடைக்கு வருவோம். அது துறவு போல் தோன்றுகிறது. ஆனால் எங்கே எறிவது? வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு. மண்ணில் மக்காது. குப்பைமேட்டில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுப் புகை எழும். அப்புகையைச் சுவாசிப்பவர் யாவர்? குப்பை பொறுக்கிப் பிழைப்போர். அவருள் நம் உறவினர் எத்தனை பேர் என்று நாம் கூற வேண்டுவதில்லை. நம் பற்றைக் கழற்றி மற்றவர் நெஞ்சில் புகையாக இறக்குவது துறவாகாது. கேட்கத்தக்க தட்டைக் கேட்க விரும்புவோர்க்குக் கொடுப்பதே தானம். ஓட்டும் கருவி இல்லாதவர் வீட்டில் தட்டைக் கொண்டு குவிப்பதும் எறிவதன் மறுபெயரே.

அரக்குத் தட்டைப் பற்றி உபாசகர்க்கு ஓர் உறுத்தல் இருந்தது. அரக்கு, மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசின். அதனைச் சுரண்டி எடுக்கையில் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. முதற்சீலம் காப்போர் அத்தகைய தட்டை வைத்திருத்தல் தகுமா என்றார். இவ்வாறு உறுத்துவதே நன்மனத்தின் அடையாளம். இன்று அரக்குத் தட்டு செய்வோர் இல்லை. இந்தியாவில் 1960-களிலும் வெளிவந்த அவை பின்னர் நின்றுபோயின. பழைய தட்டைக் காப்பதால் புதிதாக ஓர் உயிரும் போவதில்லை. உடைப்பதால் போன உயிர் மீள்வதுமில்லை. அவ்வுயிர்களின் உழைப்பின்மேல் இப்பாட்டு பதிந்துள்ளது என்ற நினைவோடு கேட்டல் போதுமானது என்றோம். அவர் முழுதும் தெளிந்தார் என்று கூறமாட்டோம்.

விற்கலாமா என்றும் கேட்டார். பம்பாய் சோர் பஜார் போன்ற இடங்களில் பழைய தட்டுகளுக்கு நல்ல விலை உண்டு. ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு என்னும் ஐந்து வாணிபங்களே உபாசகர்க்கு விலக்கப்பட்டவை. தட்டு விற்பது அவற்றுள் சேராது. கீறல் விழுந்த பக்கத்தை ஓட்டிக் காட்டாமல் மறுபக்கத்தை மட்டும் ஓட்டிக் காட்டி விற்பது நான்காம் சீலத்திற்கு மாறு. இதற்கு அவர் நகைத்தார். தாம் அப்படி ஏமாந்து வாங்கிய தட்டுகளை எண்ணிக்கொண்டார் போலும்.

கடினமான ஒன்று மிஞ்சியது. மறைந்த அவர் துணைவியார் விரும்பிக் கேட்ட தட்டு. ஓரிடத்தில் பள்ளம் சிதைந்து, ஒரே அடியை மீண்டும் மீண்டும் பாடும். முள்ளைக் கையால் தள்ளினாலன்றி நகராது. கேட்கவும் பயனில்லை, கொடுக்கவும் தகாது. இதனை என் செய்வது என்று நம்மை நோக்கினார். நாம் அவ்விடத்தில் உபதேசம் செய்யவில்லை. அடுத்த ஆண்டு அடுக்கும்போது மீண்டும் கையிலெடுத்துப் பாருங்கள் என்று மட்டும் கூறினோம்.

இரட்டைப் பிரதிகளும், பல ஆண்டுகளாகக் கேளாதவையுமாக நாற்பது தட்டுகளையும் ஒரு பழைய ரிக்கார்டு பிளேயரையும் அவர் நம் சங்கத்திற்கு அளித்துள்ளார். பௌர்ணமி உபோசதம் கழிந்து வரும் ஞாயிறு மாலை அவற்றை ஓட்ட எண்ணியுள்ளோம். குழந்தைகளை அழைத்து வருக. தட்டை மாற்றி வைக்கும் பணி அவர்களுடையது.