கையில் திறப்பு, தொலைவில் வாகனம்

திறப்பு என்பது ஒரு சிறிய இரும்புத் துண்டுதான். ஆனால் அதை வைத்திருப்பவருக்கு ஒரு பொறுப்பும் உண்டு என்பது எமது பெரியோரின் வழக்கம். வீட்டுத் திறப்பு யாருடைய இடுப்பில் இருந்ததோ அவரே வீட்டுக்குப் பொறுப்பு. கோயில் திறப்பை வைத்திருந்தவர் விடியுமுன் கோயில் வாசலில் நின்றாக வேண்டும். இன்று அந்த இரும்புத் துண்டு மெல்ல மறைந்து வருகின்றது. கைத்தொலைபேசியை ஒருமுறை தொட்டால் வீதியில் நிற்கும் கார் திறக்கின்றது. சில கார்கள் ஆளில்லாமலே இயங்கவும் தொடங்குகின்றன. இது வசதியா என்று கேட்டால், வசதிதான். இந்த வசதியால் எமது பொறுப்புக் குறைகின்றதா என்பதே நாம் இங்கு சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதலில் இது எப்படி நடக்கின்றது என்று பார்ப்போம். சில கார்களில் தொலைபேசி அருகே வந்தவுடன் கதவு திறக்கும். தொலைவில் இருந்து திறக்கும் முறை வேறு. எமது கட்டளை தொலைபேசி வலையமைப்பு வழியாக வாகனக் கம்பனியின் கணினிக்குப் போய், அங்கிருந்து காரில் பொருத்தப்பட்ட கருவிக்கு வந்து, அதன் பின்னரே கதவு திறக்கின்றது. ஆகவே விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருப்பவரும் பலேர்மோவில் நிற்கும் தமது காரைத் திறந்து விடலாம். கனடாவில் உள்ள எமது உறவினர்கள் பனிக்காலத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே காரை இயக்கிச் சூடாக்குகின்றனர். எமக்கோ வெயில்தான் தொல்லை. 2023 ஜூலையில் பலேர்மோவில் வெப்பம் 47 பாகையைத் தொட்டது. அப்படியான நாளில் ஏறுமுன்பே காரைக் குளிராக்க விரும்புவதில் குற்றம் இல்லை.

ஆனால் அந்தக் கார் எங்கே நிற்கின்றது என்பதையும் பார்க்க வேண்டும். கால்சாவின் ஒடுங்கிய சந்துகளை எமது குடும்பங்கள் நன்கு அறியும். கீழ்த்தள வீட்டு யன்னலை ஒட்டியே கார்கள் நிற்கின்றன. மூன்றாம் மாடியில் இருப்பவர் பெற்றோல் காரை இயக்கிவிட்டு ஆறுதலாகத் தேநீர் குடிக்கலாம். புகை போவது கீழ்வீட்டுக் கிழவியின் அறைக்குள். மூடிய கராஜில் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட் உயிரையே எடுத்துவிடும். குளிரூட்டிக்காக, நிறுத்திய காரின் இயந்திரத்தை ஓடவிடுவதை இத்தாலிய வீதிச் சட்டத்தின் 157 ஆம் பிரிவு தடை செய்கின்றது. சட்டம் இருக்கட்டும், அயலவரின் மூச்சு என்ற ஒன்றும் இருக்கின்றதல்லவா?

பழைய திறப்பைத் திருப்பியவர் காரிலேயே இருந்தார். பின்னால் பிள்ளை நிற்கின்றதா, புகை எங்கே போகின்றது என்பதை அவர் கண்ணால் கண்டார். செய்கையும் அதன் விளைவும் ஒரே இடத்தில் இருந்தன. கைத்தொலைபேசி இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றது. விளைவு எமது கண்ணுக்குத் தெரியாததால் அது எம்முடையது அல்ல என்று ஆகிவிடாது.

திறப்பின்றிக் கதவு திறந்த வரலாறு சைவர்களாகிய எமக்குப் புதிதல்ல. திருமறைக்காட்டில் வேதங்கள் பூசித்து அடைத்த கதவை அப்பர் சுவாமிகள் பதிகம் பாடித் திறந்தார். சம்பந்தப் பெருமான் பாடி அடைத்தார். அப்பர் எங்கோ இருந்து பாடவில்லை. கதவின் முன்னே நின்று, அது திறக்கும் வரை உருகிப் பாடினார். வேறு வாயிலால் போய்வந்த அடியார்கள் நேர்வாயிலால் சென்று வழிபட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அற்புதத்தைச் செய்த பெரியவரே வாசலில் நின்று பிறருக்காகத் திறந்தார் என்றால், நாம் கற்க வேண்டியது அதில் இருக்கின்றது.

இன்னொரு விடயமும் உண்டு. திறப்பைக் கையில் கொடுப்பது நம்பிக்கையைக் கொடுப்பதாகும். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்த எத்தனையோ பேர் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு நடந்தனர். வீடு இருக்குமோ இல்லையோ, திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை அந்தத் திறப்பில் இருந்தது. இன்று மகனுக்கோ மருமகளுக்கோ காரைக் கொடுக்கும் ஒருவர், அவர்கள் எங்கே போகின்றனர், எத்தனை மணிக்குத் திரும்புகின்றனர் என்று கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிரிந்துபோன மனைவியின் நடமாட்டத்தைக் கார் வழியாகவே கணவர் கண்காணித்த சம்பவங்கள் அமெரிக்காவில் 2023 இல் வெளிவந்தன. கண்காணிப்போடு கொடுக்கும் திறப்பு, பாதி கொடுத்த திறப்புத்தான். பார்க்க வேண்டிய காரணம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்ப்பதே முறை.

நாம் மட்டுமே திறப்பை வைத்திருக்கின்றோம் என்று எண்ணுவதும் தவறு. 2015 இல் அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றைத் தொலைவில் இருந்த கணினியால் கட்டுப்படுத்திக் காட்டினர். அதன் பின் பியட் கிறைஸ்லர் கம்பனி 14 லட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. 2021 நவம்பரில் டெஸ்லா கம்பனியின் கணினிச் சேவை தடைப்பட்டபோது, பல நாடுகளில் சொந்தக்காரர்கள் தமது காரைத் திறக்க முடியாமல் வெளியே நின்றனர். இரும்புத் திறப்புக்கு இந்த நோய் இல்லை.

இவற்றால் புதிய கருவிகள் எல்லாம் தீயவை என்று சொல்ல வரவில்லை. இத்தாலியில் 2019 நவம்பர் முதல், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கார் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாகும். பிள்ளையை மறந்து இறங்கினால் அது பெற்றோரை அழைக்கும். சில கருவிகள் கைத்தொலைபேசிக்கே செய்தி அனுப்பும். அதே தொலைபேசி இங்கே எம்மைக் காருக்குத் திரும்பி ஓடி வரச் செய்கின்றது.

ஆகவே ஒரு சிறிய அளவுகோலை வைத்துக்கொள்வோம். காரின் அருகில் நின்றால் எதைச் செய்யத் துணிவோமோ, அதை மட்டும் தொலைவில் இருந்து செய்வோம். முகத்துக்கு நேரே எதைக் கேட்க மாட்டோமோ, அதைத் தொலைபேசியில் ஒளிந்து பார்க்காதிருப்போம். பழைய திறப்பு ஒன்றை வீட்டில் பத்திரமாக வைத்திருப்போம். எமது பிள்ளைகள் இந்தக் கருவிகளை எம்மைவிட விரைவாகக் கற்றுக்கொள்வர். அவற்றைப் பிடிக்கும் கைக்கு உரிய பொறுப்பை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாமே. சிந்திப்போமாக.