துருவும் அழகும்

தோன்றிய பொருள் யாவும் தேய்ந்து மறையும் என்பதைப் பௌத்தர்களாகிய நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். தேய்வு துக்கத்தின் அடையாளம் என்றே பெரும்பாலும் கருதி வருகிறோம். அவ்வாறிருக்க, தேய்ந்த பொருளொன்றைக் கண்டு மனிதர் மனம் மகிழ்வது ஏன்? புதிய பொருளினும் துருவேறிய பழம்பொருளுக்கு அதிக விலை கொடுப்பது ஏன்? அம்மகிழ்ச்சி அறிவின்பாற்பட்டதா, அன்றிப் பற்று பூண்ட மற்றொரு வேடமா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில், 1940, 1950ஆம் ஆண்டுகளை ஒட்டி ஃபோர்டு, செவர்லே முதலிய கம்பெனிகள் செய்த பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டிகளை அன்பர்கள் தேடி வாங்குகின்றனர். அவற்றைச் சுரண்டித் தேய்த்துப் புது வண்ணம் தீட்டுவோர் உண்டு. வேறு பலரோ பழைய பூச்சை அப்படியே விட்டுவிடுகின்றனர். வெயிலில் வெளிறிய கூரை, ஓட்டுநரின் முழங்கை பட்டுத் தேய்ந்த கதவு விளிம்பு, மூட்டைகள் உராய்ந்து இரும்பு தெரியும் பின்தட்டு, பாதி அழிந்த கடைப்பெயர் ஆகியவையே வண்டியின் அழகு என்பது அவர்தம் கொள்கை. துரு மேலும் பரவாதிருக்க அதன்மேல் மங்கலான வார்னிஷ் பூசுவர். பழைய வண்டி கிடைக்காத சிலர் அமிலமும் உப்புநீரும் கொண்டு போலித் துருவை உண்டாக்குவதும் உண்டு.

நம் நாட்டில் இம்மனநிலையை ஆராய ஏற்ற நகரம் கொல்கத்தா. அதன் அருகே உத்தரபாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியைப் பின்பற்றி 1957ஆம் ஆண்டு முதல் அம்பாசடர் கார்களைச் செய்துவந்தது; 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வுற்பத்தி நின்றது. 15 ஆண்டுகளைக் கடந்த வாடகை வண்டிகளை நகர எல்லையில் ஓட்டலாகாது என 2008ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மஞ்சள் நிற அம்பாசடர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. குறையக் குறைய, அவற்றைப் புகைப்படம் எடுப்போரும் கொண்டாடுவோரும் பெருகுகின்றனர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழங்கார்களுக்கென்று அணிவகுப்பு நடத்தத் தொடங்கியது 1960களிலேயே ஆகும். ஆயுள் முடிந்த வண்டிகள் பல, மல்லிக் பஜாரில் உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டு விற்பனையாகின்றன.

தேய்வில் மனம் தோய்வதற்குக் காரணங்கள் உள. முதலாவது, அது உழைப்பின் சாட்சி. அவ்விளிம்பு தேய்வதற்கு ஒரு மனிதன் பல்லாண்டு அங்கே கை வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, அது செருக்கைத் தணிக்கிறது. பளபளக்கும் புது வண்டியை உடையவன் முதற் கீறலுக்கு அஞ்சி வாழ்கிறான். தேய்ந்த வண்டியை உடையவனுக்கு அவ்வச்சமில்லை. மூன்றாவது, அநித்தியத்தை அச்சமின்றிக் காண அது நம்மைப் பழக்குகிறது. ஜப்பானில் பௌத்தத்தின் தொடர்பால் வளர்ந்த தேநீர்க் கலையில், சென் நோ ரிக்யூ (1522–1591) போன்ற ஆசான்கள் எளிய, கரடுமுரடான மண்கிண்ணத்தைப் போற்றியதற்கும் இத்தகைய நோக்கே அடிப்படை.

இவை நல்ல காரணங்களே. ஆயினும் தடைகளும் உள.

முதல் தடை: அழகென்று சொல்பவர் யார்? செல்வரின் கொட்டகையில் நிற்கும் வண்டியின் துரு கண்ணுக்கு விருந்து. அதே துரு, நாள்முழுதும் வண்டியோட்டிப் பிழைப்பவனுக்குத் தகுதிச் சான்று பெறுமுன் அடைக்கவேண்டிய ஓட்டை. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நகரில் அவன் கூலியைத் தின்னும் செலவு. நம்மில் பலருடைய முன்னோர், பிறர் உடுத்துக் கழித்த துணியையும் பிறர் ஒதுக்கிய பாத்திரத்தையும் கட்டாயத்தால் ஏற்றவர்கள். அவர்கள் வீட்டுக் கந்தலை எவரும் அழகென்று வியந்ததில்லை. ஆனால் பகவானின் பிக்குகளும் குப்பையிற் கிடந்த துணியை எடுத்துத் துவைத்து, தைத்து, சாயமேற்றி, பாம்சுகூலம் எனப் போர்த்தினர். கந்தல் இரண்டிடத்தும் ஒன்றே. விரும்பி ஏற்ற இடத்தில் அது விடுதலையாயிற்று. ஏவி அணிவித்த இடத்தில் இழிவாயிற்று. ஆகவே பழமையைப் போற்றுபவன், அதனை வேண்டாவென்று தள்ளும் உரிமை அங்கே யாருக்கு இருந்தது எனக் கேட்டறிதல் கடமையாம்.

இரண்டாம் தடை பற்றைக் குறித்தது. துருவை விரும்புகிறவன் அதன்மேல் வார்னிஷ் பூசுவது ஏன்? தனக்கு இனிதாகத் தோன்றும் கட்டத்திலே மாற்றத்தை நிறுத்தவே. மாறுதலின் அழகைப் பேசிக்கொண்டே மாறாமையைத் தேடுகிறான். தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, இதுவா தேர் என நாகசேனர் மிலிந்த மன்னனை வினவியதை நாம் அறிவோம். மல்லிக் பஜாரில் கதவு ஒரு கடையிலும், சக்கரம் ஒரு கடையிலும், விளக்கு ஒரு கடையிலும் கிடக்கையில், நாம் நேசித்த வண்டி எக்கடையில் இருக்கிறது? நாம் பற்றியிருந்தது ஒரு பெயரையும் நம் இளமையின் நினைவையுமே என்பது அங்கே விளங்கும்.

இனி, தேய்வெல்லாம் ஒருதன்மையன அல்ல. செம்பின்மேல் படியும் பச்சைப் பூச்சு காலப்போக்கில் இறுகி, அடியிலுள்ள உலோகத்தைக் காற்றினின்றும் மழையினின்றும் காக்கிறது. இரும்பின் துருவோ பொருபொருத்து உதிர்வது. உதிர்ந்த இடத்தில் நீர் புகுந்து மீண்டும் அரிக்கும். தம்மபதத்தின் மலவர்க்கம் தீவினைக்குத் துருவையே உவமையாக்கியதும் இதனாலன்றோ! அறிவுள்ள வண்டியன்பர் இவ்வேறுபாட்டை அறிவார். கதவின் வெளிறிய வண்ணத்தை விட்டுவைப்பார். அடிச்சட்டத்தின் துருவையும் அரித்துப்போன பிரேக் குழாயையும் மாற்றிவிடுவார். அவற்றையும் அழகென்று விட்டால் உயிர்கள் மடியும்.

வழக்கங்களுக்கும் இதுவே அளவை. பழைய வழக்கம் ஒன்றை அதன் பழமையின் அழகுக்காகக் காக்கவேண்டும் என்பார் உளர். தாலாட்டு, உழவர் பாட்டு, முன்னோரை நினையும் நாள் ஆகியன செம்பின் பூச்சுப் போன்றவை; இருந்து காக்கட்டும். பிறப்பால் ஒருவனைத் தாழ்த்தும் வழக்கமோ அடிச்சட்டத்துத் துரு. அது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாயினும், அழகிய சொற்களால் வார்னிஷ் பூசப்பட்டதாயினும், சுரண்டி எறியத்தக்கதே.

இறுதியாக நம்மைப் பற்றிய வினா ஒன்று எஞ்சுகிறது. புதிய நெறியை ஏற்ற நாம் பழைய துன்பத்தின் வடுக்களை என் செய்வது? புதுவண்ணம் பூசி மறைத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லாது விடுவதா? அன்றி, அவற்றையே அணிகலனாக்கி ஊரார் இரங்குமாறு காட்டித் திரிவதா? மறைப்பது பொய்யாகும், அணிவதோ வடுவையே ‘நான்’ என்று பற்றுவதாகும்.

கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில், 1873ஆம் ஆண்டில் கன்னிங்ஹாம் கண்டறிந்த பார்ஹுத் ஸ்தூபத்தின் கல்வேலி இருக்கிறது. அக்கல் தேய்ந்தும் உடைந்தும் உள்ளது. எவரும் அதனைப் புதிதுபோற் செதுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் அழியவும் விடவில்லை. கொடையளித்தோர் பெயர்கள் பிராமி எழுத்தில் இன்றும் அதில் விளங்குகின்றன. கற்க வருவோர்க்காக அது காக்கப்படுகிறது. நம் வடுக்களையும் அவ்வாறே காப்போம்: உள்ளது உள்ளபடி, அடுத்த தலைமுறை அறிந்து தெளியும் பொருட்டு. அரிக்கும் துருவை மட்டும், எத்துணைப் பழையதாயினும், நம் இல்லத்திலும் சங்கத்திலும் ஒரு நாளும் விட்டுவையாதிருப்போமாக.